கண்ணாடிக்கடையும் பின்பாதியும்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை பெரியவளுக்கு. இருபத்தாறு வருஷமாக அதே முக்காலி, அதே சக்கரம். வட்டமாக வருகிற லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தாலும் லென்ஸ் ஃபிரேமில் நிற்காது. யாரோ ஒருவருடைய பார்வை ஒரு வாரம் தள்ளிப்போகும். அவள் கையில் அப்படி ஆனது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான்.

ஒரு மணிக்கு மெஷினை நிறுத்துவாள். விரலிடுக்கில் வெள்ளைச் சாந்துபோல் ஒட்டியிருக்கும் தூளைக் கழுவுவாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, தண்ணீர் பாட்டிலில் மாத நாவலைச் சாய்த்து வைத்துக்கொள்வாள். ஒரு கை சாப்பிடும், ஒரு கை பக்கம் திருப்பும். அந்த அரைமணி நேரத்தில் முதலாளியே வந்து கூப்பிட்டாலும் “ம்” என்பதற்கு மேல் பதில் வராது.

அந்த மாத நாவலில் மூன்று தொடர்கள் மாறி மாறி வரும். ஒரு மாதம் துப்பறியும் கதை. அதன் நாயகருக்குப் பல்வலியார் என்று பெயர். நூற்றுப் பன்னிரண்டு கதைகளாகக் கடைவாய்ப் பல்லில் வலி, ஆனால் டாக்டரிடம் போகமாட்டார். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே கொலைகாரனைப் பிடிப்பார். அடுத்த மாதம் ‘பதிமூன்றாம் தளம்’. ஒவ்வொரு கதையிலும் யாராவது ஒரு கட்டடத்துக்குள் மாட்டிக்கொள்வார்கள், படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். மூன்றாவது மாதம் ‘சம்பந்திகள்’. ஒரே வீட்டில் குடியிருக்க நேர்ந்த இரண்டு சம்பந்திகளின் சண்டை. அதைப் பேருந்தில் படிக்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

கடைசி இரண்டு பக்கம் வாசகர் கருத்து. பெரியவள் எப்போதும் அதைத்தான் முதலில் படிப்பாள். ஒருநாள் அதில் இப்படி ஒரு கடிதம் இருந்தது:

“சென்ற மாதப் பல்வலியார் சுமார். பன்னிரண்டாம் பக்கத்திலேயே பிணத்தைக் காட்டிவிட்டு, அப்புறம் நாற்பது பக்கம் எல்லோரையும் காப்பி குடிக்க வைத்திருக்கிறார் ஆசிரியர். நான் எப்போதும் நடுப்புத்தகத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன், பழக்கதோஷம். கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டு முன்பாதியைப் படித்தால்தான் ஆசிரியர் எங்கெங்கே திருட்டு முழி முழிக்கிறார் என்று புரியும். இந்த முறை முழி ரொம்பவே தெரிகிறது. – பின்பாதி.”

வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவது முறை படித்தாள். மூன்றாவது முறை, எழுத்து எழுத்தாக. சந்தேகமே இல்லை. தங்கைதான்.

அவர்கள் வீட்டில் அம்மா மாதத்துக்கு ஒரு பிரதிதான் வாங்குவாள். படிக்கிறவர்கள் இரண்டு பேர். பெரியவளுக்குப் பதினேழு, சின்னவளுக்குப் பத்து. யார் முதலில் படிப்பது என்று மாதாமாதம் மயிர்ப்பிடிச் சண்டை. ஒருநாள் அம்மா பொறுக்கமுடியாமல் புத்தகத்தைப் பிடுங்கி, நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் இரண்டாகக் கிழித்து ஆளுக்கொரு பாதியைத் தூக்கிப்போட்டாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மூத்தவள் என்பதால் முன்பாதி பெரியவளுக்கு. பின்பாதி சின்னவளுக்கு. கொலைகாரன் யாரென்று சின்னவளுக்கு எப்போதும் முதலிலேயே தெரிந்துவிடும். “சொல்லிடாதடி, உனக்குப் புண்ணியமாப் போகும்,” என்று பெரியவள் கெஞ்சுவாள். சின்னவள் சொல்லமாட்டாள். ஆனால் அக்கா படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “யாரு வந்திருக்கா இப்ப? சமையல்காரரா? ஓஹோ, சமையல்காரர்,” என்று உதட்டைப் பிதுக்குவாள். அது போதும், அன்றைய பொழுது கெட்டுப்போக.

அப்படிப்பட்ட தங்கையோடு பெரியவள் பேசி இருபது வருஷம் ஆகியிருந்தது. குற்றம் முழுக்கப் பெரியவளுடையது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே மறுத்ததும் இல்லை.

அப்போது பெரியவளுக்கு முப்பத்தைந்து. அப்பா இறந்து பல வருஷம். அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கை. சின்னவள் தண்ணீர் வாரியத்தில், புகார்த் தொலைபேசியை எடுக்கிற வேலையில் இருந்தாள். அதே அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிற ஒருவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் அம்மாவுக்கும் சம்மதம். தேதியும் குறித்தாகிவிட்டது. சின்னவள் வீட்டுக்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். பெரியவள் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு அம்மாவின் துப்பும் பாத்திரத்தைக் கழுவினாள். இவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்ன மிஞ்சும்? இருமல் சத்தமும் தானும்தான். அந்த வாரம் முழுக்கச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்று லென்ஸ் உடைந்தது.

சனிக்கிழமை ஒரு மொட்டைக் கடிதம் எழுதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டாள். பெண்ணுக்கு வலிப்பு நோய் உண்டு, அதை மறைக்கிறார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி. சின்னவளுக்கு நாலு வயதில் கடும் காய்ச்சலில் ஒரே ஒரு முறை கைகால் இழுத்ததைத் தவிர அதில் ஒன்றும் உண்மை இல்லை. அந்தப் பையன் விசாரிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. வேறு கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து, மனசு கேட்காமலோ என்னவோ, அவன் அம்மா அந்தக் கடிதத்தைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டாள். “உனக்கு வேண்டாதவங்க யாரோ இருக்காங்கம்மா, பார்த்து இரு,” என்று சொன்னாளாம்.

சின்னவள் வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டு மேஜையில் பெரியவளுக்கு முன்னால் விரித்து வைத்தாள்.

“படி.”

பெரியவள் படிப்பதுபோல் பார்த்தாள். “அடப்பாவிகளா, யாரு இப்படி...” என்று ஆரம்பித்தாள்.

சின்னவள் கடிதத்தின் மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். ‘அதற்க்கு மருந்து சாப்பிடுகிறாள்’ என்று இருந்தது. கையெழுத்தை மாற்றி எழுதத் தெரிந்தவளுக்கு எழுத்துப்பிழையை மாற்றத் தெரியவில்லை.

“நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதுலேர்ந்து சொல்லிட்டிருக்கேன், அதுல அந்த ‘க்’ வராதுன்னு,” என்றாள் சின்னவள்.

அதுதான் கடைசியாகப் பேசியது. ஒரு மணி நேரத்தில் துணிமணியைக் கட்டினாள். அலமாரியிலிருந்து பின்பாதிகளை மட்டும் ஒவ்வொன்றாக உருவி எடுத்து, கயிறு போட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு போனாள். மூன்று வருஷம் கழித்து அம்மா இறந்த அன்று வந்தாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். அக்கா இருந்த பக்கம் திரும்பவில்லை.

இப்போது அவள் குரல் மாத நாவலின் தொண்ணூற்றைந்தாம் பக்கத்தில் கேட்டது. வயதானாலும் அந்தக் குறும்பு அப்படியே இருந்தது.

பெரியவள் அன்றைக்கு மத்தியானம் ஒன்றும் ஓடாமல் வேலை பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் காகிதம் எடுத்தாள். நேரடியாக எழுத என்ன இருக்கிறது? இருபது வருஷமாக நேரடியாக எழுதிக் கிழித்த கடிதங்கள் ஒரு மூட்டை தேறும். அதனால் வாசகர் கருத்துக்கே எழுதினாள்:

“பின்பாதி அவர்கள் சொல்வது வாஸ்தவம்தான், ஆனாலும் காப்பி குடிக்கிற நாற்பது பக்கத்தில்தான் மனிதர்கள் யார் யாரென்று தெரிகிறது. பின்பாதியிலிருந்து படிக்கிறவர்களுக்கு எல்லோருமே சந்தேகத்துக்கு உரியவர்களாகத்தான் தெரிவார்கள். பல்வலியார்மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். நூற்றுப் பன்னிரண்டு கதையாக ஒரு பல்லைப் பிடுங்கிப் போடாமல் இருக்கிறாரே! – கண்ணாடிக்கடை.”

அடுத்த மாதமே அது அச்சில் வந்தது. அதற்கு அடுத்த மாதம் பதில் வந்தது.

“கண்ணாடிக்கடை அவர்கள் பல் டாக்டருக்குக் கமிஷன் ஆள் போலிருக்கிறது. அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் பல்வலியார் யார்? சும்மா ஒரு ஆள். வலி இருப்பதால்தான் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. தூக்கம் வராததால்தான் அடுத்த வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. பல் அங்கேயே இருக்கட்டும். – பின்பாதி.”

இதைப் படித்துவிட்டுப் பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். முன்னறையில் ஃபிரேம் பொருத்துகிற ஃபிட்டர் எட்டிப் பார்த்தார். நாற்பது வயதுக்காரர், எட்டு வருஷமாகக் கூட வேலை பார்க்கிறார். அந்த அம்மா சிரித்து அவர் பார்த்ததில்லை.

“என்னக்கா, சம்பந்திகளா?”

“இல்ல. பல்வலியார்.”

“அதுல சிரிக்க என்ன இருக்கு?”

“உனக்குப் புரியாது, போ.”

இப்படியே பதினான்கு மாதம் போனது. இருவரும் எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்கள். ‘பதிமூன்றாம் தளம்’ எழுதுகிறவருக்கு ஒரு லிஃப்ட்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாது என்று பின்பாதி எழுதினாள். லிஃப்ட் ஒழுங்காக ஓடினால் கதை ஆறு பக்கத்தில் முடிந்துவிடுமே என்று கண்ணாடிக்கடை கேட்டாள். சம்பந்திகளில் மூத்தவர் அரைவேக்காடு என்றாள் ஒருத்தி. இளையவருக்கு வாய் நீளம் என்றாள் இன்னொருத்தி. நடுவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், “இந்த இரண்டு வாசகர்களும் கதையைவிடச் சுவாரசியமாக இருக்கிறார்கள்” என்று எழுதியிருந்தார். பெரியவள் அந்த வரியைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

காலையில் சீக்கிரம் எழுந்தாள். புது ரவிக்கை இரண்டு தைத்துக்கொண்டாள். ஃபிட்டரிடம் ஒருநாள், தனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், பேச்சுவார்த்தை இல்லை, இந்தப் பின்பாதி அவள்தான் என்று சொன்னாள். மொட்டைக் கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

“அட, இவ்வளவுதானா? ஒரு எட்டு நேர்ல போய்ப் பாருங்கக்கா. எந்த வீட்டுல இல்ல சண்டை?” என்றார் ஃபிட்டர்.

“அவ என்ன சொல்லுவாளோ.”

“மாசாமாசம் உங்களுக்குப் பதில் எழுதுறாங்க இல்ல? வேண்டாம்னு நினைக்கிறவங்க எழுதுவாங்களா?”

அந்தக் கேள்வி பெரியவளைப் பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்று நினைக்கிறவள் எழுதுவாளா? ஆனால் எழுதுகிறவளுக்கு இன்னாருக்கு எழுதுகிறோம் என்று தெரியுமா? தெரியாமலா இருக்கும்? இப்படி ஒரு வாரம் மண்டையைக் குடைந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்பாதியின் இன்னொரு கடிதம் வந்தது:

“சென்ற மாதச் சம்பந்திகள் பிரமாதம். குளியலறைப் பூட்டு மாட்டிக்கொள்கிற இடத்தில் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. கண்ணாடிக்கடை அவர்களும் அதே இடத்தில்தான் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். – பின்பாதி.”

இது அழைப்பு இல்லாமல் வேறென்ன? பெரியவள் அரைநாள் லீவு போட்டாள்.

மாத நாவலின் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. இரண்டு அறை. தரையிலிருந்து ஜன்னல்வரை திரும்பிவந்த பழைய பிரதிகள் அடுக்கியிருந்தன. வாசகர் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற உதவியாசிரியர் ஓயாமல் மூக்குறிஞ்சுகிற ஒரு மனிதர். தான்தான் கண்ணாடிக்கடை என்று அவள் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார்.

“நீங்களா! உட்காருங்க, உட்காருங்க. ஒரு விஷயம் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. எல்லா ‘அதற்கு’லயும் ஒரு ‘க்’ சேர்த்துடறீங்க. மாசாமாசம் நான்தான் உட்கார்ந்து எடுத்துப் போடறேன்.”

பெரியவளுக்குச் சாப்பாட்டு மேஜையில் விரித்துக் கிடந்த அந்த நாலு வரி கண்முன் வந்தது. அவர் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே போனார்.

“ஒரு காலத்துல சாக்கு நிறையக் கடிதம் வரும். இப்ப ஒன்பது பேர்தான் எழுதறீங்க. அதுல அஞ்சு பேர் ‘நாவல் அருமை’ன்னு ஒரே வரி. நீங்களும் அவங்களும் இல்லேன்னா இந்தப் பக்கத்தையே நிறுத்தியிருப்போம்.”

முகவரி கேட்டதும் கொஞ்சம் தயங்கினார். வாசகர்களின் முகவரியைக் கொடுக்கிற வழக்கம் இல்லையாம். “நான் அவளோட அக்கா,” என்றாள் பெரியவள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட! இது கதையில வர்ற மாதிரியில்ல இருக்கு!” என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுத்தார். இறங்கிப்போகும்போது மாடிப்படிவரை வந்து, “ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுங்க. அட்டையிலயே போடச் சொல்றேன்,” என்று குரல் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரியவள் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாவது மாடியில் நின்றாள். கதவில் பெயர் இல்லை. மிதியடி சுத்தமாக இருந்தது. மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவளுக்குத் தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. அம்மாவின் தாடை. பார்த்ததும் அவள் அதிரவில்லை. கதவுப்பிடியில் வைத்த கையும் அப்படியே இருந்தது.

“முகவரி யார் கொடுத்தா?” என்றாள்.

“புத்தக ஆபீஸ்ல... நான்தான் அந்த...”

“தெரியும். உள்ள வா. வாசல்ல நிக்காத, எதிர்வீட்டுக்காரங்க பார்ப்பாங்க.”

ஒரே ஒரு அறை, ஒட்டினாற்போல் சமையலிடம். மேஜையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். சுவரோரமாகப் புத்தகங்கள் உயரவாரியாக அடுக்கியிருந்தன. எல்லாம் முழுப் புத்தகங்கள். பழைய பாதிகள் எங்கும் தென்படவில்லை. சின்னவள் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, உட்காராமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எப்படி இருக்க?” என்றாள் பெரியவள்.

“இருக்கேன்.”

“உடம்பெல்லாம்...”

“வலிப்பு எதுவும் வரல.”

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வேறொன்றைக் கேட்டாள்.

“நான்தான்னு எப்பத் தெரியும்?”

“உன் முதல் கடிதத்துலேயே. ‘வாஸ்தவம்தான், ஆனாலும்’னு உன்னைத் தவிர யாரு ஆரம்பிப்பா? கோபம் இல்ல, வருத்தம்தான்னு அம்மா சொல்றதையும் அப்படியே போட்டிருந்த.”

“தெரிஞ்சுதான் பதில் எழுதினியா?” பெரியவளின் குரல் உயர்ந்தது. கண் நிறைந்துவிட்டது. “தெரிஞ்சுதானே எழுதின? அப்ப உனக்கும்...”

“இரு,” என்றாள் சின்னவள். “தப்பா எடுத்துக்காத. நான் கண்ணாடிக்கடைக்குத்தான் எழுதினேன். உனக்கு எழுதல.”

“ரெண்டும் நான்தானேடி.”

“அச்சுல வரும்போது இல்ல. அங்க நீ ஒரு வாசகி. உனக்கு ஊரும் கிடையாது, வீடும் கிடையாது. பல்லைப் பிடுங்கணும்னு சொல்லுவ, நான் வேண்டாம்னு சொல்லுவேன். அவ்வளவுதான். அந்தக் கண்ணாடிக்கடை எனக்கு எந்தக் கெடுதலும் பண்ணல. அவளோட பேசறது எனக்குப் பிடிச்சிருந்தது. எத்தனையோ வருஷத்துக்கப்புறம் பிடிச்சுப்போன ஒரே ஆள் அவ. மாசம் பொறந்தா முதல்ல அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பேன்.” சின்னவள் சுவரோரப் புத்தக அடுக்கைப் பார்த்தாள். “இப்ப நீ வந்து கதவைத் தட்டிட்ட.”

“வரக்கூடாதா?”

“வந்துட்டியே. இனிமே அந்தக் கடிதத்தைப் பிரிச்சா உன் மூஞ்சிதான தெரியும்?”

கீழே யாரோ மாடிப்படியில் பாத்திரம் எதையோ போட்டுவிட்டார்கள்.

“நான் ஏன் அப்படிச் செஞ்சேன்னா...” என்று பெரியவள் தொடங்கினாள்.

“வேண்டாம்.”

“ஒரு தடவை சொல்லிடறேன். நீ கேட்டுட்டு என்ன வேணா சொல்லு.”

“எனக்குத் தெரியும்க்கா. அம்மா இருமிட்டிருந்தா. நீ தனியா ஆகிடுவ. பயந்துட்ட. அதானே? அன்னிக்கே தெரியும்.” ‘அக்கா’ என்ற சொல் அவள் வாயிலிருந்து தவறி விழுந்ததுபோல் இருந்தது, அவளே அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். “சின்ன வயசுல முடிவு தெரிஞ்சப்புறம் காரணத்தைத் தேடிப் படிக்கிறது எனக்கு ஆசையா இருந்தது. இதுல அப்படி இல்ல. காரணம் தெரிஞ்சு ஒண்ணும் குறையல.”

“நான் என்ன பண்ணினா...”

“ஒண்ணும் பண்ண முடியாது. அவருக்கு ரெண்டு பிள்ளைங்க, மூத்தது காலேஜே போயிடுச்சு. நான் இன்னும் போன்ல ‘உங்க புகாரைப் பதிவு செஞ்சுட்டோம்’னு சொல்லிட்டிருக்கேன். உன்னைத் திட்டணும்னு எனக்கு ஆசை இல்ல. அதுக்கெல்லாம் தெம்பு இல்ல. தண்ணியக் குடிச்சிட்டுக் கிளம்பு.”

பெரியவள் தண்ணீரைக் குடித்தாள். முழுத் தம்ளரையும், கடைசிச் சொட்டுவரை, எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக. சின்னவள் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. பிறகு தம்ளரை வாங்கிக்கொண்டு கதவுவரை வந்தாள்.

“பார்த்து இறங்கு. மூணாவது மாடில ஒரு படி உடைஞ்சிருக்கு,” என்றாள்.

கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

மறுநாள் ஃபிட்டர் ஆவலாகக் கேட்டார். “என்னக்கா, பார்த்தீங்களா? என்ன சொன்னாங்க?”

“நல்லா இருக்கா,” என்றாள் பெரியவள், சக்கரத்தை ஓட விட்டுக்கொண்டே. “வேலை ஜாஸ்தியாம். அடிக்கடி வரச் சொன்னா.”

“நான்தான் சொன்னேனே!” என்று அவர் சந்தோஷமாக முன்னறைக்குப் போனார்.

அடுத்த மாத நாவலில் பின்பாதியின் கடிதம் இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. பெரியவள் மனசைத் தேற்றிக்கொண்டு எழுதினாள். கதையைப் புகழ்ந்தாள், இகழ்ந்தாள். பல்வலியாருக்குப் பல்லே வேண்டாம், எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்று வம்புக்கு இழுத்தாள். ஒருமுறை வேண்டுமென்றே, தோட்டக்காரன் செய்த கொலையைச் சமையல்காரர் செய்ததாக எழுதினாள். இதைப் பார்த்துவிட்டு அவளால் சும்மா இருக்க முடியாது, திருத்தாமல் விடமாட்டாள் என்று நினைத்தாள். திருத்தம் வந்தது. கணக்கு வாத்தியாரிடமிருந்து. “கண்ணாடிக்கடை அவர்களுக்கு வயதாகிவிட்டது போலும்” என்று எழுதியிருந்தார்.

நாலாவது மாதம் உதவியாசிரியரிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. சகோதரி நலமா, ஏன் எழுதுவதில்லை, நாங்கள் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை, தாங்கள் சற்று நினைவுபடுத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். பெரியவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவரிடம் போய் முகவரி கேட்ட நாளை நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த மனிதர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கொடுக்கமுடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஃபிட்டர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அப்புறம், யார்மேல் பழி போடலாம் என்று தான் தேடிக்கொண்டிருப்பது அவளுக்கே புரிந்தது. அஞ்சலட்டையை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள். பதில் எழுதவில்லை.

அந்த வருஷக் கடைசியில் வாசகர் கருத்துப் பக்கம் நின்றது. அந்த இடத்தில் முழங்கால் வலித் தைலத்தின் விளம்பரம் வந்தது. பல்வலியார் மட்டும் வந்துகொண்டிருந்தார், அதே கன்னத்தில் அதே கையோடு. பெரியவள் ஒரு கதையின் முதல் இருபது பக்கத்தைப் படித்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஒரு இடத்தில், அவர் குடிக்க வெந்நீர் கேட்டதற்கு யாரோ வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, சிரிப்புகூட வந்தது. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் புத்தகத்தை மூடினாள். மேற்கொண்டு படிக்கவில்லை.

மத்தியானங்களில் இப்போது அவள் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள். கால்மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மீதிக் கால்மணி நேரமும் மெஷினைப் போட்டுவிடுகிறாள். முதலாளிக்கு இதில் திருப்தி.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துப் பத்திரிகைக் கடைக்காரர் மூன்று மாதம் அவளுக்கென்று ஒரு பிரதியை எடுத்துப் பலகைக்குக் கீழே வைத்திருந்தார். அவள் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், “அம்மா, உங்க புத்தகம் இருக்கு,” என்று கூப்பிடுவார். அவள் அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று கையைக் காட்டிவிட்டுப் போவாள். நாலாவது மாதத்திலிருந்து அவர் கூப்பிடுவதில்லை. அந்த மூன்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.